தானாகச் சரியானது

பஸ் நேரத்துக்கு வந்தால் சந்தேகப்படுகிற ஒரு ஆளைத்தான் நான் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன்.

பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து தெமோதரைப் பக்கம் போகிற ஐந்தரை பஸ் ஒருநாளும் ஐந்தரைக்கு வந்ததில்லை. ஒருநாள் வந்தது. கூட்டம் சந்தோஷமாக முண்டியடித்து ஏறியது. என்னோடு வேலை பார்த்த அக்கா மட்டும் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் கேட்டார்.

“இது எந்த பஸ்ஸுங்க?”

“அஞ்சரை பஸ்ஸுதான். ஏறுங்க ஏறுங்க.”

“அஞ்சரை பஸ் அஞ்சரைக்கு வராதே.”

“வந்துருச்சே, பாக்கலையா?”

“எப்பிடி வந்துச்சு?”

பின்னால் நின்றவர்கள் திட்டத் தொடங்கினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் சேலை முந்தானையைப் பிடித்து மேலே இழுத்தேன். அவர் அசையவில்லை. கண்டக்டர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா தாயே, இது நாலரை பஸ். ஹாலிஎலைக்கிட்ட டயர் வெடிச்சு நின்னு போச்சு. அதான் இப்ப வருது. போதுமா?”

அக்காவின் முகம் தெளிந்தது. ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பாத்தியா? சரியா வரல. ரெண்டு தப்பு ஒண்ணா சேந்து சரி மாதிரி தெரிஞ்சிருக்கு. நாளைக்கும் இப்பிடி வரும்னு நம்பிக்கிட்டு ஓடி வராத.”

அவர் அப்படித்தான். ஒன்று கெட்டுப்போனால் அவ்வளவாகக் கலங்கமாட்டார். கெட்டது காரணமில்லாமல் சரியாகிவிட்டால்தான் அவருக்கு நிம்மதி போகும். அவருடைய அண்ணி ஒருமுறை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: “சோறு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க டீச்சர். ‘இன்னைக்கு என்ன மாத்திச் செஞ்சீங்க’ன்னு கேப்பாங்க. நான் ஒண்ணும் மாத்தலன்னா, அன்னைக்குப் பூராவும் என்னையச் சந்தேகமாப் பாக்குறது.”

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பதுளை டவுனில் ஒரு ஹாஜியாரின் துணிக்கடை. அதற்கு மேல்மாடியில் தட்டெழுத்து வகுப்பு. நான் அங்கே டைப்பிங் டீச்சர். ஹாஜியாரின் மருமகன் சவூதியிலிருந்து வந்தபோது, டெலிவிஷனோடு பொருத்துகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஹாஜியார் அதை ஒரு வாரம் கடையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். பிறகு ஆள் தேடி, மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று போர்டு மாட்டினார். அப்படி வந்து சேர்ந்தவர்தான் அக்கா. கொழும்பில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பகுதியில் வேலை பார்த்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அங்கே திரும்பிப் போகவில்லை. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அண்ணன் தேயிலை ஃபேக்டரி கிளார்க்காக இருந்தார். அக்காவும் அந்தக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார்.

அவரை நான் அக்கா என்றேன். மற்றவர்கள் கம்ப்யூட்டர் டீச்சர் என்றார்கள். ஒல்லியான உயரமான ஆள். மத்தியானம் சாப்பிடும்போதும் கட்டம் போட்ட தாளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். கை கழுவி வந்த பிறகு “இன்னைக்கு என்ன கறி?” என்று கேட்டால் உண்மையாகவே தெரியாது.

வகுப்பு தொடங்கி கொஞ்ச நாளிலேயே ஒரு கஷ்டம் வந்தது. அந்த இயந்திரத்துக்கு இங்கிலிஷில்தான் கட்டளை கொடுக்க வேண்டும். பிள்ளைகளில் பாதிப்பேர் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள்கூட, திரையில் இங்கிலிஷ் எழுத்தைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அக்கா சில நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, “ஒனக்குத் தமிழ் டைப்பிங் கண்ண மூடிக்கிட்டு வரும்ல?” என்றார்.

“வரும்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் ஒரு வேல செய்வோம்.”

அவர் செய்ய நினைத்தது என்னவென்று எனக்கு விளங்க நாளாயிற்று. நாம் எழுதுகிற வரியை அந்த இயந்திரம் நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். நடுவில் ஒன்று இருந்து, நம்முடைய வரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்து, இந்தச் சொல்லுக்கு இந்த வேலை என்று அதைச் செய்விக்க வேண்டும். “தொரைக்கும் ஆளுங்களுக்கும் நடுவுல கங்காணி இருந்தாருல்ல? அந்த மாதிரி,” என்றார் அக்கா. “ஆனா பொய் சொல்லாத கங்காணி.”

அந்தக் கங்காணியை அவர் ஒன்றுமில்லாததிலிருந்து கட்டினார். எல்லாம் எண்களாகத்தான் இயந்திரத்துக்குள் போக வேண்டும். அவர் கட்டத்தாளில் பென்சிலால் எழுதுவார், வாய்விட்டுச் சொல்லுவார், நான் தட்டுவேன். ஒரு எண் பிசகினால் திரை கோடுகோடாகச் சிதறி, எல்லாம் போய்விடும். கேசட் நாடாவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். அது ஏறுகிறவரை கீச்சென்று ஒரு சத்தம். கீழே துணி வாங்க வந்தவர்கள் மேலே என்ன பூனைக்குட்டி வளர்க்கிறீர்களா என்று ஹாஜியாரிடம் கேட்டார்கள்.

தமிழ் எழுத்துக்களை நாங்களே புள்ளி வைத்து வரைந்தோம். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் ‘ட’ ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டது. ‘ஞ’ மட்டும் அடங்கவே மறுத்தது. கடைசியில் அது கால் மடக்கிப் படுத்த ஆடு மாதிரி வந்தது. “பரவால்ல, இது ஞன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்,” என்றேன். “தெரியாதவங்களுக்கு?” என்று கேட்டார். இன்னும் இரண்டு நாள் அதற்கே போனது.

‘போடு’ என்றால் திரையில் எழுதும். ‘கேள்’ என்றால் நம்மிடம் கேட்கும். ‘போ’ என்றால் வேறொரு வரிக்குத் தாவும். ‘போய்வா’ என்றால் போய் அங்கே வேலையை முடித்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். ஊரில் வாசலில் நின்று சொல்கிற சொல் ஒரு இயந்திரத்துக்குள் போய் வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ‘என்றால்’ என்பது யோசிக்கிற இடம். வயது ஐந்துக்கு மேல் என்றால் இதைச் செய். இல்லாவிட்டால் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

பிள்ளைகள் தப்பாக எழுதினால் திரையில் என்ன காட்டுவது என்று ஒரு பேச்சு வந்தது. நான் ‘பிழை’ என்று போடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “பிழைன்னு போட்டா புள்ளைங்க பயந்துரும். ‘விளங்கவில்லை’ன்னு போடுவோம். அதுக்கு வெளங்கலன்னா, நாம வெளங்கப்படுத்தலாம்ல?” அப்படியே வைத்தோம். முதன்முதலாக அந்தச் சொல் திரையில் வந்தபோது, மடுல்சீமையிலிருந்து வந்து படித்த ஒரு பெண் டெலிவிஷனைப் பார்த்து, “எங்க அய்யாவுக்கும்தான் ஒண்ணும் வெளங்காது,” என்றாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் கையை மடியில் வைக்கவில்லை.

ஹாஜியாருக்குத் தலைகால் புரியவில்லை. ‘தமிழ்க் கம்ப்யூட்டர்’ என்று பெரிய போர்டு எழுத ஆள் கூப்பிட்டுவிட்டார். அக்கா தடுத்தார்.

“இன்னும் முழுசாப் பாக்கல ஹாஜியார்.”

“ஓடுதுதானே புள்ள. பொறகென்ன?”

“ஓடுது. அதுதான் யோசிக்கிறேன். நேத்து ஒரு கணக்கு தப்பா வந்துச்சு. இன்னைக்கு அதையே போட்டா சரியா வருது. நான் எதையும் திருத்தல.”

“அப்ப நல்லதுதானே. அல்லாஹ் சரியாக்கித் தந்தீக்கிறான்.”

“அவன் சரியாக்கினா என்ன செஞ்சான்னு தெரியணுமே,” என்றார் அக்கா. ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பொறுப்பான ஒரு டாக்டரய்யா அப்போதுதான் வந்தார். வகுப்பில் படித்த அந்தப் பெண்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அங்கே மழைக்காலம் வந்தால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு லயம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரே அறையில் ஒரு சின்ன மருந்துக் காம்பிரா. அங்கே இருக்கிறவர்களுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. காய்ச்சல் மருந்துப் போத்தலில் எல்லாம் இங்கிலிஷ். பிள்ளை இத்தனை கிலோ என்றால் இத்தனை மில்லி என்று சுவரில் மாட்டத் தமிழில் ஒரு அட்டை, ஒரு காட், அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார். எங்களிடம் ஊசிப்புள்ளியாக அச்சடிக்கிற சின்ன பிரின்டர் ஒன்றும் இருந்தது.

கணக்கை டாக்டரய்யாவே சொன்னார். அக்கா அதைத் தன்னுடைய பாஷையில் எழுதினார். முதல் காட் வெளியே வந்ததும் டாக்டரய்யா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். எல்லாம் சரி. அடுத்தநாள் காலையில், பாதை போகிற ஒழுங்கிலேயே டிவிஷன்களின் பெயரைத் தந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காட், மேலே அந்த டிவிஷன் பெயர். ஒன்றன்பின் ஒன்றாக அச்சடித்தோம். ஜீப்பில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் ஹாஜியார் யாரோ ஒரு சினேகிதரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். “அந்த மருந்துக் காட்டக் காட்டுங்க,” என்றார். அக்கா மறுபடி ஓடவிட்டார். திரையில் வரி வரியாக வந்தது. எட்டுக் கிலோ வரியில் ஐந்து மில்லி வர வேண்டும். நாற்பத்தொன்று வந்தது.

வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஷோக்,” என்று மெச்சினார். அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கரண்ட் வந்ததும் கேசட்டிலிருந்து ஏற்றி மறுபடி போட்டோம். எட்டுக் கிலோ, ஐந்து மில்லி. இன்னொரு முறை போட்டோம். ஐந்து.

“கரண்ட் கொறஞ்சீக்கிது, அதான்,” என்றார் ஹாஜியார். “பல்பும் மங்கித்தானே எரிஞ்சது.” வந்தவரும் ஆமாம் என்றார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. உண்மையாகவே பல்பு மங்கித்தான் எரிந்தது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். “காலைல அடிச்சதுல அப்பிடி ஒண்ணு போயிருந்தா?” என்றார்.

“டாக்டரய்யா பாத்தாரேக்கா.”

“நேத்து ஒண்ணப் பாத்தாரு. அது மொத காட்.”

“அப்பிடியே போயிருந்தாலும் நாப்பத்தொரு மில்லி யாரு குடுப்பாங்க? அரைப் போத்தல்!”

“நாப்பத்தொண்ணுன்னா குடுக்க மாட்டாங்க. ஒம்பதுன்னு வந்திருந்தா?” அவர் குரல் இறங்கியது. “அச்சடிச்சிருந்தா சனங்க நம்பும்டி.”

அவர் என்னை அப்படி ‘டி’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

டெலிபோனில் மடுல்சீமை ஆஸ்பத்திரியைப் பிடிக்கப் பார்த்தோம். மழைக்கு லைன் செத்துக் கிடந்தது. அக்கா வழக்கம்போலக் கட்டத்தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், காரணம் கண்டுபிடிக்கும்வரை எழும்பமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தாள்களைச் சுருட்டி மேசைக்குள் வைத்தார். குடையை எடுத்தார்.

“ஏன்னு அப்புறம் பாப்போம். காட்ட மொதல்ல எடுக்கணும். நாளைக்கு மொத பஸ்ல போறேன். நீ வாறியா?”

வந்தேன்.

பசறை தாண்டியதும் பஸ் ஊர ஆரம்பித்தது. பாதையில் சில இடங்களில் மண் சரிந்திருந்தது. ஆண்கள் இறங்கிக் கல்லை உருட்டினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சுக் கொடுக்கத்தான், “ஏங்க்கா, சரியாப் போனத ஒங்களால சும்மா விடவே முடியாதா?” என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். பிறகு சொன்னார்.

“கொழும்புல நாங்க இருந்த ஒழுங்கையில அந்தப் பக்கத்து வீடும் எரிஞ்சிச்சு. இந்தப் பக்கத்து வீடும் எரிஞ்சிச்சு. கும்பலா எங்க வாசல் கேட்டுக்கிட்ட வந்தாங்க. நான் கதவுக்குப் பின்னால நிக்கிறேன். ஒருத்தன் கேட்டத் தொறந்தான். அப்புறம் மூடிட்டுப் போயிட்டாங்க.”

“ஏன்?”

“அதான் தெரியல.” அவர் இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாரும் சாமி காப்பாத்துச்சுன்னு சொன்னாங்க. கும்பிட்டேன். ஆனா அன்னையிலருந்து ராத்திரிக்கு நித்திரை வந்தா, அந்தக் கேட்டு சத்தம்தான் கேக்குது. எரிக்க வந்தவன் ஏன் வந்தான்னு எனக்குத் தெரியும். மூடிட்டுப் போனவன் ஏன் போனான்னு தெரியல. தெரிஞ்சா நிம்மதியாத் தூங்குவேன்.”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. மடுல்சீமை வரும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரய்யா எங்களைப் பார்த்துத் திகைத்தார். அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னார்: “அய்யா, காட்ல தப்பு இருக்கலாம். இருக்கான்னு தெரியாது. எல்லாத்தையும் பாக்கணும்.” அவர் முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் ஜீப் சாவியை எடுத்தார். ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த காட்டை முதலில் பார்த்தோம். சரி. முதல் டிவிஷன், சரி. அடுத்ததும் சரி. ஒவ்வொரு இடத்திலும் டாக்டரய்யா பெருமூச்சு விட்டார். அக்கா விடவில்லை.

கடைசி டிவிஷன் மலை உச்சியில். ஜீப் ஒரு வளைவுக்கு மேல் ஏறவில்லை; தேயிலைக்கு நடுவே நடந்தோம். மருந்துக் காம்பிராவில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் இருந்தார். கல்யாணமாகிக் கொஞ்ச நாளான இளம் ஆள். காட்டை அழகாகக் கண்ணாடித்தாளில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்.

அக்கா விரலை வைத்து வரி வரியாக இறக்கினார். எட்டுக் கிலோவில் விரல் நின்றது.

ஒன்பது மில்லி.

டாக்டரய்யா காட்டை ஆணியிலிருந்து பிடுங்கினார். “இதப் பாத்து யாருக்காவது மருந்து குடுத்தியா?”

டிஸ்பென்சர் பயந்துபோனார். “நேத்து மூணு நாலு புள்ளைக்குக் காய்ச்சலுங்கய்யா.”

“காட்டப் பாத்துக் குடுத்தியான்னு கேக்குறேன்!”

“காட்டப் பாக்கணும்னா புள்ளைய நிறுக்கணுமேங்கய்யா.” அவர் மூலையைக் காட்டினார். பிள்ளை நிறுக்கிற தராசு கொக்கி உடைந்து, முள் கழன்று, சாக்கில் சுற்றிக் கிடந்தது. “போன மழைக்கே ஒடைஞ்சு போச்சு. ஆபீஸுக்குச் சொன்னேன். யாரும் வரல. ஐயாகிட்டச் சொல்லத்தான் இருந்தேன். காட்டு பாக்க லெச்சணமா இருந்துச்சுன்னு மாட்டி வச்சேன். மருந்து, வழக்கம்போல வயசக் கேட்டு ஒரு கரண்டி, ரெண்டு கரண்டின்னுதாங்க குடுத்தேன்.”

 வெளியே மழை தகரத்தில் விழுந்தது. டாக்டரய்யா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் மருந்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா அந்த உடைந்த தராசைப் பார்த்தார். இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்: எப்படி உடைந்தது, எப்போது, ஏன் யாரும் வரவில்லை. அவர் எதுவுமே கேட்கவில்லை. குனிந்து, உடைந்த அந்தக் கொக்கியை இரண்டு விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு டிஸ்பென்சரைப் பார்த்து, “தம்பி, குடிக்கக் கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமா?” என்றார்.

அவருடைய பெண்சாதி இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தார். அக்கா அதை ரசித்துக் குடித்தார். என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர்தான் பேச்சை எடுத்தார். “அந்தக் காட்ட நாம எப்ப அடிச்சோம்?”

“கடைசியா. டாக்டரய்யா பாத போற ஒழுங்குலதானே பேரு குடுத்தாரு.”

“ஆமா. கிட்ட இருக்கிறதெல்லாம் சரி. கடைசில அடிச்சது தப்பு. நடுவுல மிஷின நிப்பாட்டினோமா?”

“இல்ல. பின்னேரம் ஹாஜியார் வந்தப்பவும் அப்பிடியேதான் ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“அப்பதான் நாப்பத்தொண்ணு வந்துச்சு. கரண்ட் போய் வந்ததும் சரியாப் போச்சு.” அவர் என் முழங்கையைப் பிடித்தார். “ஏதோ சேருதுடி. ஓட ஓட உள்ளுக்குள்ள ஏதோ மிச்சம் விழுந்து சேருது. நிப்பாட்டினா காலியாயிருது.”

கணக்குச் செய்யும்போது இயந்திரம் பாதி விடைகளைத் தட்டு மேல் தட்டாக ஓரிடத்தில் அடுக்கி வைக்கும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அந்த அடுக்கு அளவுக்கு மேல் வளர்ந்தால், பக்கத்தில் வைத்திருக்கிற எண்கள் மேல் போய் இருந்துவிடும். யார் தட்டை எடுக்காமல் விடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அக்கா ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். போடு, எடுக்குது. கேள், எடுக்குது. போய்வா, திரும்பினதும் எடுக்குது. பசறை பஸ் ஸ்டாண்டில் வடை விற்கிறவன் ஏறி இறங்கினான். பஸ் மறுபடி கிளம்பியபோது அக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்றால்!”

முன் சீட்டில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

“ஆமான்னு வந்தா தட்ட எடுக்குது. இல்லன்னு வந்தா, அந்த வரியத் தாண்டி அடுத்ததுக்குப் போற அவசரத்துல, எடுக்காமலே ஓடிருது. ஒவ்வொரு ‘இல்ல’க்கும் ஒரு தட்டு!” அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவே இருந்து, “நான்தான் எழுதினேன். அந்த எடத்துல எடுன்னு நான் சொல்லவே இல்ல. அது என்ன செய்யும், பாவம்,” என்றார்.

கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது. பார்த்தால், தூங்கிவிட்டார். வாயை லேசாகத் திறந்துகொண்டு, தலை என் தோளில் சாய, பஸ் குழியில் விழுந்து எழும்பியும் முழிக்காமல், பதுளை வரும்வரை ஒரே தூக்கம்.

மறுநாள் அந்த இடத்தில் சில எண்களைச் சேர்த்தார், நான் தட்டினேன். அதோடு விடவில்லை. அடுக்கு எல்லைக்குக் கிட்ட வந்தால் ‘விளங்கவில்லை’ என்று சொல்லி நின்றுவிடவும் ஏற்பாடு செய்தார். தெரியாமல் தப்பாகச் சொல்வதைவிட நின்றுபோவது மேல் என்றார். பிறகு ஒருநாள் முழுக்க இயந்திரத்தை நிறுத்தாமல் அதே கணக்கை ஓடவிட்டோம். ஹாஜியார் மாடிக்கு ஏறி ஏறி வந்து பார்த்தார். எட்டுக் கிலோ வரியில் ஒவ்வொரு முறையும் ஐந்து வந்தது. கடைசியில் ஹாஜியாரே, “இது ஏன் சரியா வருதுன்னு இப்ப ஒங்களுக்குத் தெரியுமா புள்ள?” என்று கேட்டார்.

“தெரியும் ஹாஜியார்.”

“அப்ப அந்த போர்ட மாட்டட்டா?”

“மாட்டுங்க.”

இந்தத் தடவை அச்சடித்த காட்களை ஒன்றுவிடாமல் டாக்டரய்யா இருந்து பார்த்தார். கடைசி டிவிஷனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வேறு ஒரு தராசும் ஒதுக்கினார். அக்கா அந்தக் காட்டைத் தானே கொண்டுபோய் மாட்டுவேன் என்று நின்றார். தராசை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் வந்தார்.

நாங்கள் போனபோது மருந்துக் காம்பிரா வாசலில் ஒரு தாய், இடுப்பில் காய்ச்சல் பிள்ளையோடு கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்றாள். புதுத் தராசைக் கூரைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். பிள்ளையைத் துணித் தொட்டிலில் போட்டதும் மலையே அதிரக் கத்தியது. முள் ஆடி ஆடி எட்டில் வந்து நின்றது. அக்கா காட்டை விரலால் தொட்டு, “அஞ்சு மில்லி,” என்றார். டாக்டரய்யா தலையாட்டினார். டிஸ்பென்சர் போத்தலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு சொட்டும் கூடாமல் குறையாமல் அளந்தார்.

தாய் பிள்ளையின் மூக்கைப் பிடித்தாள். டிஸ்பென்சர் மருந்தை வாயில் ஊற்றினார். பிள்ளை எங்களை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு ‘தூ’வென்று அக்காவின் சேலை முழுக்கத் துப்பியது.

சிவப்பு மருந்து வெள்ளைச் சேலையில் மடியிலிருந்து கீழே வழிந்தது. டிஸ்பென்சர் பதறிப்போய் மறுபடி போத்தலை எடுத்தார்.

அக்கா சேலையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். “இப்ப உள்ள எவ்வளவு போயிருக்கும்?” என்று டாக்டரய்யாவிடம் கேட்டார்.

“அது கடவுளுக்குத்தான் தெரியும் டீச்சர்,” என்றார் அவர்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு நிற்க முடியாமல் கதவுநிலையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டரய்யா சிரித்தார். கத்திக்கொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்தி, இந்தப் பெரியவர்களுக்கு என்ன வந்தது என்று பார்த்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை இடுப்பில் வாங்கினார்.

“விடுங்க தம்பி,” என்றார் டிஸ்பென்சரிடம். “இவன் கொஞ்சம் ஆறட்டும். இன்னொரு தடவ பாப்போம்.”